ஊசி போடுற எடம்

முழங்கை எங்கே என்றால்
எல்லோரும் பின்பக்க முட்டியைத்தான் காட்டுகிறார்கள்.
இடித்துக்கொள்ள, பஸ்ஸில் வழி விலக்க,
மேசையில் ஊன்றிக் கவலைப்பட
அதற்கொரு பெயர் இருக்கிறது.
அதன் முன்பக்கத்துக்கு இல்லை.
அக்குளுக்கு உண்டு, மணிக்கட்டுக்கு உண்டு,
இதற்கு மட்டும் யாரும் வைக்கவில்லை.
ஜமாலியாவில் கேட்டால்
"ஊசி போடுற எடம்" என்பார்கள்.
என் சம்பளம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

காலை ஆறரை, பெரம்பூர் பேரக்ஸ் ரோடு.
வெறும் வயிற்றோடு பதினான்கு பேர்.
டோக்கன் மூன்று, அஸ்மத் பீவி
கறுப்புக் கையைச் சுருட்டியபடி
"எனக்கு நரம்பு கெடைக்காதும்மா,
போன தடவ நாலு குத்து" என்று
என்னை முன்கூட்டியே மன்னிக்கிறார்.

நரம்பு இல்லைம்மா, சிரை
என்று நான் திருத்தியதில்லை.
நிஜ நரம்பு ஆழத்தில் இருக்கிறது.
தெரியாமல் தொட்டுவிட்டால்
கட்டைவிரல்வரை கரண்டு பாயும்.
அது அங்கேயே இருக்கட்டும்.

கண்ணால் தேடக் கூடாது.
நீலம் பொய் சொல்லும்.
ரப்பரைக் கட்டி
விரலை வைத்து அழுத்தினால்
அமுங்கி எழுவது சிரை.
எழாமல் கயிறாய் நிற்பது தசைநாண்.
துடித்தால்
கையை எடு.

பரீட்சையில் இதை வரைந்திருக்கிறேன்:
நுனி கீழே பார்க்கும் ஒரு முக்கோணம்,
வெளியிலிருந்து உள்ளே
தசைநாண், தமனி, நரம்பு.
ரேஷன் கடை வரிசைபோல
நடுவில் யாரும் நுழைந்துவிடுவதில்லை.
எட்டு மார்க்குக்கு ஆறு போட்டார்கள்.
நான் விட்டது ஒரு சவ்வு.

மேலே சிரை, கீழே தமனி,
இரண்டுக்கும் இடையில்
தசைநாணிலிருந்து பிரிந்து
சாய்வாகப் போகிற வெள்ளைச் சவ்வு.
கை நடுங்கிய முதல் வருடம் முழுக்க
அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.
என்னையும்.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் சவரிமுத்துக்கு
இருபதடி தள்ளி நின்றாலும் சிரை தெரியும்.
"கண்ண மூடிக்கினு குத்து" என்று சிரித்தவர்
ஊசியின் உறையைக் கழற்றும்போதே
நாற்காலியிலிருந்து வழிந்துபோனார்.
ஏழு மாதக் குழந்தையின் கையில்
அந்த இடமே இருப்பதில்லை,
பவுடர் அப்பிய ஒரு கோடு மட்டும்.
அன்றைக்கு நானும் சேர்ந்து அழுதேன்,
மாஸ்க் இருந்தது.

செவ்வாய்க்கிழமை தணிகாசலம் வருவார்.
புளியந்தோப்பு, லேத் பட்டறை,
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
இடக்கையை நீட்ட மாட்டார்.
முழங்கை மடிப்பில் பாம்பு படுத்தாற்போல் ஒரு புடைப்பு.
எந்த இரண்டைத் தொடவிடாமல்
உடம்பு ஒரு சவ்வை நெய்து வைத்ததோ
அந்த இரண்டையும்
ஸ்டான்லியில் ஒரு டாக்டர்
அறுத்து ஒன்றாய்த் தைத்திருந்தார்.
தமனி சிரைக்குள் கொட்டுகிறது,
அதனால் இவர் இருக்கிறார்.

"ஊசிதான் கூடாது,
தொட்டுப் பாரு பரவால்ல" என்றார்.
உள்ளங்கையை வைத்தேன்.
ராத்திரி எல்லோரும் தூங்கியபின்
ஃபிரிட்ஜைத் தொட்டால் வருமே,
அந்த அதிர்வு.
"நடுராத்திரி முழிப்பு வந்தா
காதுல வச்சுக் கேப்பேன்.
ஓடுதுன்னா திரும்பிப் படுத்துப்பேன்."
எனக்குப் பதில் வரவில்லை.
வலக்கையின் புறங்கையில் எடுத்தேன்,
ஊதா மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று.

பஞ்சை வைத்து
"மடக்காதீங்க, நீட்டி அழுத்துங்க,
மடக்குனா கன்னிப்போகும்" என்று
ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.
ஒவ்வொருவரும் மடக்கிக்கொண்டுதான் போகிறார்கள்,
டீக்கடைவரை, ஷேர் ஆட்டோவரை,
கைக்குள் ஏதோ தூங்குகிறது போல.

வருடாந்தர செக்கப்பில்
எனக்கு ரெஜினா எடுத்தாள்.
நல்ல கை, ஒரே குத்து.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு
காலண்டரில் சனிக்கிழமைகளை எண்ணினேன்.
"ஆச்சுக்கா" என்றாள்.
மடக்கிக்கொண்டேன்.